சிக்னல் இல்லாத சுமை

எனக்குப் பயம் புதிதில்லை. ஹார்பர் மதிலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்த குடிசை வரிசையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்றவள் நான். அங்கே பயப்பட ஆயிரம் இருந்தது. தீ, மழை, இடிக்க வரும் வண்டி, கப்பலில் வேலைக்குப் போன ஆள் திரும்பும் நேரம் தாண்டிப் போவது. ஆனால் அதெல்லாம் தரையில் நின்று பயந்த பயம். ஓடுவதற்கு நாலு பக்கமும் வழி இருந்தது. எங்களை லாரியில் ஏற்றி ஊரின் தென்கோடிக்குக் கொண்டுவந்து, குலுக்கலில் ஏழாவது மாடி என்று சாவியைக் கையில் கொடுத்தபோதுதான், ஓட இடமில்லாமல் பயப்படுவது என்றால் என்னவென்று தெரிந்தது.

முதல் நாள் சமையலறை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். மனிதர்களே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த ஜன்னல் பக்கம் போனால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் குழம்பைக் கிண்டினேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களும் அப்படித்தான் கிண்டினார்கள்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் ரோட்டில், ராஜகீழ்ப்பாக்கமும் தாண்டி, பஸ் எங்கெங்கோ வளைந்து வந்து சேரும் இடம் எங்களுடையது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்குகிறவர்கள் லேப்டாப் பையும் டிபன் டப்பாவுமாக இறங்கிப் போவார்கள். நாங்கள் கடைசி வரை உட்கார்ந்திருப்போம். எங்கள் நிறுத்தத்தின் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் பையை ஒரு தரம் இழுத்து அணைத்துக்கொள்வார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உங்கள் வீட்டுக்கு வந்த பாமாயிலும் பருப்பும் என் வீட்டுக்காரர் கை காட்டி இறங்கியதுதான் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் ஹார்பரில் சிக்னல் ஆளாக இருந்தார். கிரேனில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. மேல்தளத்து விளிம்பில் ஒருவர் நின்று கையால் சொல்ல வேண்டும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து 'ஆரியா' என்று குரல் கொடுத்தால் சுமையை இறக்கு என்று அர்த்தம். முஷ்டியை மூடி உயர்த்தினால் நில். அவ்வளவுதான் பாஷை. அதில் ஒரு சட்டம் உண்டு. சுமை தொங்கும்போது ஒரு கைதான் பேச வேண்டும். சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் குடிசை வரிசையில் குழந்தைகள் இதை விளையாட்டாகவே ஆடுவார்கள். யாராவது முஷ்டியைத் தூக்கினால் மற்றதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். அசைந்தவன் தோற்றான்.

அந்தச் சட்டம் ஒரு நாள் தவறியது. அன்று அவர் கப்பலுக்குள் இறங்கி இருந்தார், மேலே வேறொருவர் சிக்னல். சுமை ஆடுகிறதென்று பதறிப்போய் இன்னொருவரும் கையை வீசிவிட்டார். கிரேன்காரன் எந்தக் கையைப் பார்ப்பான்? இரும்புக் கட்டு அவர் கால்மேல் வந்து இறங்கியது. கால் பிழைத்தது, முழங்கால் மடங்குவது நின்றுபோனது. இருட்டில், இரும்புச் சுவர்களுக்கு நடுவில், எடுக்க ஆள் வரும் வரை அவர் அப்படியே கிடந்தார். அன்றிலிருந்து மூடின இடம் என்றால் அவருக்கு மூச்சு முட்டும். பழைய வீட்டில் கதவு என்று நாங்கள் வைத்திருந்தது ஒரு சேலைத் துணிதான்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஏழாவது மாடி. படியில் இறங்க அந்தக் கால் விடாது. லிஃப்டில் ஏற மனசு விடாது. குடி வந்த அன்று நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள், அவ்வளவுதான், அப்புறம் அவர் தரையை மிதிக்கவில்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் கடல் இல்லை, வேறொரு பிளாக்தான் இருந்தது. அதன் சுவரைப் பார்ப்பார். பேச்சுக் குறைந்தது, அப்புறம் சாப்பாடு குறைந்தது.

பக்கத்து பிளாக்கில் ஒரு பெரியவர் இதே போல ஆறாவது மாடியில் இருந்தார். அவரும் ஹார்பர்காரர்தான். ஒரு நாள் அவரைப் போர்வையில் சுற்றிப் படி வழியாகக் கீழே இறக்கினார்கள். குடி வந்த பிறகு அவர் கீழே வந்தது அந்த ஒரு தரம்தான் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதும் என் ஆளையும் இப்படித்தான் இறக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. ராத்திரி படுத்தால் அதே நினைப்பு, காலையில் அரிசி களைந்தால் அதே நினைப்பு. எப்படியாவது அவரை உயிரோடு, நடந்து, கீழே இறக்கிவிட வேண்டும். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கேட் வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. பழைய இடத்தில் அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஹார்பர் கேட் எதிரில் நின்று டீ குடிப்போம். அதே மாதிரி இங்கேயும் அவரோடு நின்று ஒரு டீ. அதுதான் என் ஆசை.

எங்கள் பிளாக்குகளுக்கு நடுவில் ஒரு கூடம் இருந்தது. அங்கே சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். இடம் மாறி வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தது. வயது கேட்கவில்லை. தையல், கம்ப்யூட்டர், விட்ட பத்தாவதை எழுதுவது, கூடவே வாரம் ஒரு பக்கம் நம் வாழ்க்கையைப் பற்றி நாமே எழுதுவது. நான் இப்படி எழுதிக்கொண்டிருப்பதும் அங்கே பிடித்த பைத்தியம்தான். அந்த வகுப்புகளில் ஒன்று லிஃப்ட் பராமரிப்பு. இத்தனை பிளாக்கில் இத்தனை லிஃப்ட், ஒவ்வொன்று நின்றுபோகும்போதும் வெளி ஆளுக்குக் காத்திருக்காமல் இங்கே குடியிருப்பவர்களே கற்றுக்கொள்ளட்டும் என்று யாருக்கோ நல்ல புத்தி வந்திருக்கிறது. பெண்கள் எல்லாம் தையல் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நான் லிஃப்ட் பக்கம் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து எதிர் வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் முஸ்லிம் குடும்பம், பழைய இடத்திலும் எங்களுக்கு நாலு குடிசை தள்ளித்தான் இருந்தார்கள். வீட்டுக்காரர் பழைய இரும்பு வியாபாரம். அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம் வரும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

பாடம் எடுத்த சார் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். பொறுமைசாலி. ஆனாலும் முதல் நாள் மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு எங்களைக் கூட்டிப்போய் அந்தப் பெரிய மோட்டாரையும் கரண்ட் பெட்டியையும் காட்டியபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாகக் கம்பி வடங்கள் இறங்கிப் போயின. எட்டிப் பார்த்தால் கீழே வெறும் இருட்டு. உள்ளே வா தங்கச்சி, அது உன்னை இன்னா கடிச்சா துண்ணப் போவுது என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தார்.

அந்த ரூமில் நான் கற்றதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஒன்றுதான். லிஃப்ட் அறுந்து விழும் என்றுதானே நாம் பயப்படுகிறோம்? வடத்தின் ஒரு முனையில் லிஃப்ட் தொங்குகிறது, மறு முனையில் அதைவிடக் கனமான இரும்பு வெயிட்டு தொங்குகிறது. ஒன்றிரண்டு பேர் மட்டும் உள்ளே இருக்கும்போது பிரேக்கைத் தளர்த்தினால் லிஃப்ட் கீழே போகாது, மேலேதான் வரும். சார் செய்து காட்டினார். மெயின் சுவிட்சை இறக்கினார், அழுத்தினால் பிரேக் தளரும் ஒரு கைப்பிடியை அக்காவை அழுத்தச் சொன்னார், மோட்டாரோடு இருந்த கைச்சக்கரத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் தொட்டதும் அது தானாகவே மேல்நோக்கி அசைந்தது. வடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். மஞ்சள் கோடு மோட்டாரைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு நேராக வந்தால் லிஃப்ட் ஒரு மாடிக்குச் சரியாக நிற்கிறது என்று அர்த்தம். சார் திரும்பத் திரும்பச் சொன்னது, எது நடந்தாலும் முதலில் மெயினை இறக்கு. கரண்ட் எப்போது வேண்டுமானாலும் வரும், மனிதன் பாதி வெளியே இருக்கும்போது வந்தால் லிஃப்டுக்கு அவன் யாரென்று தெரியாது. கதவு திறந்திருந்தால் ஓடாமல் தடுக்க ஒரு காவல் உண்டுதான், அதை மட்டும் நம்பி நிற்காதே என்றார்.

வீட்டுக்கு வந்து இவருக்குப் பாடம் நடத்தினேன். துணி காயப்போடும் கம்பியின் மேல் கயிற்றைப் போட்டு, ஒரு பக்கம் காலிச் சொம்பும் மறு பக்கம் தண்ணீர் பாட்டிலுமாகக் கட்டிக் காட்டினேன். சொம்பு மேலே போனது. அவர் வெகு நாளைக்கப்புறம் லேசாகச் சிரித்தார். கிரேனுக்குப் பின்னால் வெயிட்டு இருப்பது எனக்குத் தெரியாதா, எனக்கேவா சொல்லித் தருகிறாய் என்பது போல ஒரு சிரிப்பு. பிறகு அது மறைந்தது.

"அத்த வுடு. யாரு சிக்னல்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மேல மெஷின் கீது. நடுவுல சுமை கீது. எவன் பாத்துக்கினு கீறான்? ஒருத்தனும் கெடையாது. சிக்னல் இல்லாத சுமைல நான் ஏற மாட்டேன்."

சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரில் இருக்கிற குழந்தை குட்டியெல்லாம் பட்டனை அமுக்கிக்கொண்டு போகிறது, இவருக்கு மட்டும் சிக்னல் வேண்டுமாம். சொம்பை அவிழ்த்துத் தரையில் ஓங்கி வைத்தேன். ஆனால் ராத்திரி படுத்து யோசித்தபோது, அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து, தேறி, எங்கள் பிளாக்கின் மெஷின் ரூம் சாவியை என் கையில் கொடுத்தார்கள். இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். இப்போது நான்தான் இந்த லிஃப்டுக்கு ஆள், நான் கீழே நின்று பார்த்துக்கொள்கிறேன், வாருங்கள் என்றேன். நாள்கணக்கில் நச்சரித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட நானும் ஏறுகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுமை விழுந்தால் ஒரு ஆளோடு போகட்டும் என்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஏழாவது மாடியில் அக்கா அவரை ஏற்றி பட்டனை அமுக்குவது, கீழே நான் நின்று கதவைத் திறந்து கூட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் தோன்றவில்லை. கீழே நின்று மேலே ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு, ஆறு, ஐந்து. நான்கு என்று காட்டியதும் எண்ணே அணைந்துபோனது. கரண்ட் போய்விட்டது.

ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து இரும்பை உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். அவர் கத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அது பொய். எனக்குக் கால் ஓடியது, நான்தான் அதன் பின்னால் ஓடினேன். இரண்டாம் மாடி வரும்போது மேலே கூச்சல் கேட்டது. அந்தக் கூச்சல் என்னவென்று தெரிந்ததும்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். குடிசை வரிசையில் தீ பிடித்தால் ஒரு குடிசையிலிருந்து அடுத்த குடிசைக்குத் தாவ மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. தீயணைப்பு வண்டி அந்தச் சந்துக்குள் வரவும் வராது. அதனால் எங்கள் வழக்கம், குரல் கேட்டதும் ஓடு, கையில் கிடைத்ததைப் பிடித்து இழு. யாரையும் கேட்காதே, யோசிக்காதே. கூரையைப் பிய், ஆளை இழு. என் மகள் தொட்டிலில் இருந்தபோது எங்கள் கூரையைப் பிய்த்து அவளை வெளியே எடுத்தது இந்தக் கைகள்தான். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் கேன்டீனில் அவள் இன்று வேலை பார்க்கிறாள் என்றால் அந்தக் கைகளால்தான். அதே கைகள் இப்போது நாலாம் மாடியில் லிஃப்ட் கதவைப் பிளந்துகொண்டிருந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்துவிட்டது. லிஃப்ட் நாலாம் மாடித் தரையிலிருந்து பாதி கீழே இறங்கி நின்றிருந்தது. அதன் கூரை விளிம்பு என் மார்பு உயரத்தில் இருந்தது. அந்தச் சந்து வழியாக என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்து நாலைந்து பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தலையும் நெஞ்சும் வெளியே வந்திருந்தன. மடங்காத கால் உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது. கடப்பாரை வைத்திருந்த ஒரு ஆள், ஐந்தாம் மாடிக்காரர், எல்லோருக்கும் முன்னால் நின்று ஏலேலோ போடாத குறையாக இழுத்தார். என் வீட்டுக்காரர் முதுகுக்கு மேலே அந்தக் கூரை விளிம்பு. கீழே இறங்க வேண்டிய லிஃப்ட் அது. இந்த நிமிஷம் கரண்ட் வந்தால் அந்த விளிம்பு அவர் முதுகின்மேல் இறங்கும். மொட்டைமாடிக்குப் போய் மெயினை இறக்கும் வரை ஒவ்வொரு நொடியும் அப்படித்தான்.

வுடுங்க என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவ்வளவு படி ஏறி வந்தவளுக்குக் குரல் எங்கே இருக்கும்? அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கேட்கவும் போவதில்லை. என் ஆள் என் கண் முன்னாலேயே இரண்டு துண்டாகப் போகிறார் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன்.

என் கை எப்படித் தூக்கிக்கொண்டது என்று இன்றுவரை தெரியவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, அவர்கள் முகங்களுக்கு நேராக முஷ்டியை மூடி உயர்த்தி நின்றேன்.

முதலில் ஒரு பெண் பார்த்தாள். இழுப்பதை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டினாள். அவளைப் பார்த்து அடுத்தவர். அந்த வராந்தாவில் இருந்த ஒவ்வொருவரும் அந்த விளையாட்டை ஆடி வளர்ந்தவர்கள், அப்பனையோ புருஷனையோ கப்பலுக்கு அனுப்பியவர்கள். சத்தம் அப்படியே அடங்கியது. கடப்பாரைக்காரர் மட்டும் இவர் கையை விடவில்லை. விட்டால் உள்ளே விழுந்துவிடுவார் என்ற பயம் அவருக்கு. என் வீட்டுக்காரரும் அவர் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தார்.

நான் குனிந்தேன். இவர் முகம் வேர்வையில் குளித்திருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரிந்துகொண்ட மாதிரி இல்லை.

"கையை வுட்டுட்டு உள்ள எறங்கு. கரண்டு வந்தா ஒடம்பு நசுங்கிடும். உள்ள போயி ஒக்காரு. அது கீழ வுழாது, மேலதான் வரும்."

அவர் அசையவில்லை. மறுபடியும் அந்த இருட்டுப் பெட்டிக்குள் போ என்கிறேன். பிடித்திருக்கும் மனிதக் கையை விடு என்கிறேன். எந்த வாயால் சொன்னேனோ.

அவர் உதடு அசைந்தது. "யாரு சிக்னல்?"

"நான்தான்."

பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து அந்தக் கையை விட்டார். உடம்பு தேய்ந்துகொண்டு உள்ளே இறங்கியது. இருட்டில் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. கடப்பாரைக்காரர் அழ ஆரம்பித்துவிட்டார். அவரிடம் நான் சொன்னேன், இனிமேல் இந்தக் கதவுக்கு நீதான் கை அண்ணா, ஒருத்தரும் தொடக் கூடாது, அவரு தலைய நீட்டவும் வுடாதே என்று. அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, முஷ்டியை உயர்த்திக்கொண்டு கதவை மறைத்து நின்றார்.

மேலே ஏறினேன். ஏழாம் மாடியில் அக்கா போனில் சாரோடு பேசிக்கொண்டே என்னோடு சேர்ந்துகொண்டார். அன்று அக்கா சிரிக்கவில்லை. சார் அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றுதான் சொன்னாராம், மெயினை இறக்கும்மா, மற்றதெல்லாம் அப்புறம். மெஷின் ரூம் பூட்டில் சாவி நுழையவில்லை. கை அப்படி ஆடியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தித் திருப்பினார். உள்ளே ஓடி மெயினைக் கீழே இழுத்தேன். இழுத்த கை இன்னும் சுவிட்சை விடவில்லை, தலைக்கு மேலே, வேறு லைனில் இருந்த ரூம் பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படிக்கட்டில் ஒரு மூச்சு நின்று வாங்கியிருந்தால்? பூட்டு இன்னும் கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால்? எனக்கு வாந்தி வந்தது. மூலையில் போய் எடுத்துவிட்டு வந்து சக்கரத்தைப் பிடித்தேன்.

படிக்கட்டுக்குக் குரல் கொடுத்தோம். மாடிக்கு ஒருவராக நின்று வார்த்தையைக் கீழே கடத்தினார்கள். அவர் உள்ளே இருக்கிறாரா, கை கால் வெளியே இல்லையா என்று கேட்டோம். உள்ள கீறாரு என்ற பதில் மாடி மாடியாக ஏறி வந்தது. அக்கா பிரேக் கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினார், நான் சக்கரத்தைத் தாங்கினேன். சார் சொன்னபடியே லிஃப்ட் மேல்நோக்கிக் கனத்தது. விட்டு, பிடித்து, விட்டு, பிடித்து. அந்த வடத்தின் மறு முனையில் என் குடும்பமே தொங்குகிறது என்பது உள்ளங்கையில் தெரிந்தது. மஞ்சள் கோடு மெதுவாக வந்து சட்டத்துக்கு நேராக நின்றது. அக்கா கைப்பிடியை விட்டார், பிரேக் பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து வார்த்தை வருவதற்கு முன்னால் கைதட்டல்தான் வந்தது.

நான் இறங்கிப் போனபோது அவர் நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். கடப்பாரைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரை முழுதும் குடித்து முடித்தார். நாற்காலியில் வைத்து மறுபடி மேலே தூக்கிப் போனார்கள். முதல் நாள் தூக்கியது போலவே. சார் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, சரியாகச் செய்தீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பாராட்டு கசந்தது. என் ஆள் ஏழாம் மாடியில்தானே இருக்கிறார்? இனி எந்த ஜென்மத்தில் லிஃப்டில் காலை வைப்பார்? பயந்ததுதான் மிச்சம் என்று அழுதேன்.

ரொம்ப நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"சாவிய எட்த்துக்கினு நீ மேல போ," என்றார். "நான் எறங்குறேன்."

நானும் கூட வருகிறேன், அக்கா மேலே நிற்கட்டும் என்றேன். தலையை ஆட்டினார். அக்கா வேண்டாம், சாரும் வேண்டாம். அவர் கேட்ட கை ஒன்றுதான்.

மெஷின் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தரை ஓட்டை வழியாக, வடங்களுக்கு நடுவில், ஏழாம் மாடியிலிருந்து அவர் குரல் ஏறி வந்தது. "ஆரியா." ஹார்பரில் கொடுத்த அதே குரல். மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அது நிற்கும் வரை நான் மூச்சு விடவில்லை.

இப்போது தினமும் போகிறார். கேட் வாசல் டீக்கடையில் பழைய ஆட்கள் சேருகிறார்களாம். கடப்பாரைக்காரரும் வருகிறாராம், இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிநேகம். நன்றாகச் சாப்பிடுகிறார், என்னோடு சண்டை போடுகிறார். பக்கத்து பிளாக்குகளில் லிஃப்ட் நின்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் சாயங்காலம் அவர் இறங்கும் நேரத்துக்கும் ஏறும் நேரத்துக்கும் நான் எங்கும் போவதில்லை. அந்த அனல் ரூமில், கரண்ட் போய்விடுமோ என்று பல்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பயம் ஒரு துளி குறையவில்லை. பழகிவிடும் என்று அக்கா சொல்கிறார், பழகவில்லை.

கீழே டீ நன்றாக இருக்கிறது, ஏலக்காய் தட்டிப் போடுகிறான், நீ ஒரு நாள் குடித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வந்து சொல்கிறார். ஆகட்டும் என்கிறேன். நான் கீழே வந்தால் அவர் இறங்க மாட்டார். அந்த டீயை நான் இன்னும் குடித்ததில்லை.